ஆப்பிரிக்காவில் மலைப்பகுதியில் நடந்தே சென்று காட்டுயிர்களைப் பார்க்க எந்த இடம் நல்லது?

ஜீப் வரிசையில் நின்று சிங்கம் பார்ப்பதில் விருப்பமில்லை, மலையில் நடக்கவும் வேண்டும், வேறெங்கும் இல்லாத விலங்குகளைப் பார்க்கவும் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்கவே வேண்டாம், எத்தியோப்பியாவின் பாலே மலைகள் தேசியப் பூங்காவுக்குப் போங்கள். அடிஸ் அபாபாவிலிருந்து தென்கிழக்கே சாலை வழியாக ஏறக்குறைய 400 கிலோமீட்டர். 2023இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. ஆனாலும் கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் போகிற கூட்டம் இங்கே வருவதில்லை.

இந்தப் பூங்காவின் உயிர் சனெட்டி பீடபூமியில் இருக்கிறது. சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை திறந்த வெளி. மரமே கிடையாது. சாம்பல் நிறக் குத்துப்புதர்கள், சின்னச் சின்னக் குளங்கள், நடுநடுவே ஆளைவிட உயரமாக நிற்கும் ராட்சத லொபீலியா. இந்தச் செடி வருடக்கணக்கில் வளர்ந்து ஒரே ஒரு முறை பூக்கும், பூத்ததும் பட்டுப்போகும். பாலே மலைகளின் மிக உயரமான சிகரமான துல்லு டிம்டுவும் (4,377 மீட்டர்) இங்கேதான் இருக்கிறது.

கோபா ஊரிலிருந்து தெற்கே போகும் சாலை இந்தப் பீடபூமியின் குறுக்கே செல்கிறது. அதனால் பலர் வண்டியில் உட்கார்ந்தபடியே, இந்த நாட்டைத் தவிர வேறெங்கும் இல்லாத எத்தியோப்பிய ஓநாயைப் படமெடுத்துவிட்டு மதியத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வழிகாட்டியோடு கொஞ்ச தூரம் நடந்து, எலி வளைகள் நிறைந்த ஓர் இடமாகப் பார்த்து, சத்தம் போடாமல் உட்காருங்கள். வெயில் ஏற ஏற எலிகள் வெளியே வரத் தொடங்கும். பின்னாலேயே எத்தியோப்பிய ஓநாயும் வரும்.

செம்பழுப்பு உடல், வெள்ளைத் தொண்டை, நீண்ட கால்கள், கூர்மையான மூஞ்சி. கூட்டமாக வாழ்ந்தாலும் வேட்டைக்குத் தனியாகத்தான் போகும். நான் பார்த்தது ஒரு ராட்சத மோல் எலிக்கான வேட்டை. இந்த எலி பாலே மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. எடை ஒரு கிலோவை நெருங்கும், கண்கள் உச்சந்தலைக்குப் பக்கத்தில் இருக்கும். வளையிலிருந்து பாதி உடம்பை மட்டும் நீட்டி, சுற்றியுள்ள புல்லை வாய் நிறையப் பிடுங்கிக்கொண்டு சட்டென்று உள்ளே போய்விடும். அது உள்ளே போகும்போதெல்லாம் ஓநாய் இரண்டடி வைத்தது. தலை வெளியே தெரிந்ததும், தூக்கிய காலைக்கூடக் கீழே வைக்காமல் அப்படியே நின்றது. வளை வாயில் ஒரு சின்னப் பழுப்புக் குருவி உட்கார்ந்திருந்தது. கிளறிய மண்ணில் பூச்சி பொறுக்க வரும் பறவை அது, அது கத்தினால் எலி உஷாராகிவிடும் என்றார் வழிகாட்டி. ஓநாய் பாய்ந்தது, எலி தப்பிவிட்டது. அப்புறமும் ஓநாய் விடவில்லை. முன்கால்களால் மண்ணை வாரி வாரித் தள்ளிக்கொண்டே இருந்தது, மூக்கெல்லாம் கரிய மண்.

ஜூன் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் போனால், செம்மஞ்சள் கதிராகப் பூக்கும் நிஃபோஃபியாப் பூக்களைப் பார்க்கலாம். மாடு மேய்க்கும் பிள்ளைகள் இதை நக்கித் தேன் குடிப்பார்கள். ஓநாய்களும் அதையே செய்கின்றன என்று 2024இல் ஆய்வாளர்கள் படங்களோடு வெளியிட்டார்கள். ஒரே சுற்றில் 30 பூக்கள் வரை நக்கிய ஓநாயும் உண்டு. மூஞ்சியில் மகரந்தம் ஒட்டுவதால் அவை மகரந்தச் சேர்க்கைக்கும் உதவக்கூடும் என்கிறார்கள்.

உலகில் மிஞ்சியிருக்கும் வளர்ந்த எத்தியோப்பிய ஓநாய்கள் 500க்கும் குறைவு. பாதிக்கு மேல் இந்த மலையில்தான் இருக்கின்றன. பசியைவிட, வேட்டைக்காரர்களைவிட, இவற்றை அதிகம் கொன்றது நாய்களிடமிருந்து பரவிய வெறிநோய். 2003இலும், 2008-09இலும், 2014இலும் கூட்டங் கூட்டமாகச் செத்தன. இடையே 2010இல், நாய்களுக்கு வரும் இன்னொரு வைரஸ் நோயான டிஸ்டெம்பர் வேறு. பூங்காவுக்குள் மக்கள் மாடு மேய்த்து வாழ்கிறார்கள், மந்தைக்குக் காவலாக நாய்கள் வருகின்றன. அவர்களைக் குறை சொல்லி எதுவும் ஆகப்போவதில்லை. நாய்களுக்குத் தடுப்பூசி போடும் வேலை பல வருடங்களாக நடக்கிறது. 2018 முதல் ஆட்டிறைச்சிக்குள் தடுப்பு மருந்தை வைத்து, இரவில் ஓநாய்களுக்கே கொடுக்கிறார்கள். நாம் செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான்: கூடாரத்துக்கு வரும் நாய்க்குச் சோறு போடாதீர்கள், மிச்ச உணவை வெளியே எறியாதீர்கள். பாவம் பார்த்துப் போடும் ஒரு ரொட்டித் துண்டு நாய்களை மலைக்கு மேலே வரப் பழக்கிவிடும். இதை நம் ஆட்கள் எல்லாரிடமும் சொல்லுங்கள்.

பூங்கா அலுவலகம் டின்ஷோவில் இருக்கிறது, உயரம் சுமார் 3,100 மீட்டர். வழிகாட்டி, குதிரை, சுமை தூக்கும் குதிரை எல்லாம் அங்கேயே பேசிக்கொள்ளலாம். சுற்றியுள்ள மரங்களுக்கிடையே மலை நியாலா மான்கள் மேய்வதை நிதானமாகப் பார்க்கலாம். இதுவும் எத்தியோப்பியாவுக்கு மட்டுமே உரியது. அங்கிருந்து வெப் பள்ளத்தாக்குக்குக் குதிரையில் போய்த் தங்கி வருவது அருமையான பயணம். அங்கும் ஓநாய்கள் உண்டு.

பீடபூமியின் தெற்கு விளிம்பில் இறங்கினால் ஹரென்னா காடு. பாசி தொங்கும் மரங்கள், அடியில் தானாக வளரும் காப்பிச் செடிகள், மேலே கட்டித் தொங்கவிட்ட தேன்கூடுகள். மூங்கில் தின்னும் பாலே குரங்கும் இங்கே உண்டு, ஆனால் எளிதில் கண்ணில் படாது.

சரி, கிளம்பும் முன் சில விஷயங்கள். முதல் இரவை டின்ஷோவிலோ பக்கத்து ஊரான ரோபேயிலோ கழியுங்கள். நேராக 4,000 மீட்டருக்கு ஏறினால் தலைவலியும் வாந்தியும் வரலாம். இரவில் மேலே தண்ணீர் உறையும் குளிர், ஆகவே சாதாரண ஜெர்கின் போதாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்துவார்கள். சென்னைக்காரர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். பாலே மலைகள் இருக்கும் ஒரோமியா மாநிலத்தின் சில பகுதிகளில் ஆயுத மோதல்கள் நடந்திருக்கின்றன. டிக்கெட் போடும் முன் தூதரக அறிவிப்பைப் பாருங்கள், பாதை பற்றி உள்ளூர் வழிகாட்டியிடமும் கேளுங்கள்.

நாள் குறைவாக இருந்தால் ஹரென்னாவை விட்டுவிடுங்கள், சனெட்டிக்கு முழுதாக ஒரு பகலாவது ஒதுக்குங்கள்.