கோப்பு நிறையச் சான்றிதழ், வகுப்பில் அதே பிரச்சினை

கேள்வி: கொட்டாஞ்சேனையில் ஒரு முன்பள்ளியில் நான்கு வருடமாக உதவி ஆசிரியையாக இருக்கிறேன். பின்னேரம் அங்கேயே டேகெயாரும் நடக்கிறது. ஓ.எல். முடித்திருக்கிறேன். வருடத்தில் மூன்று, நான்கு செமினாருக்கு எங்களை அனுப்புவார்கள். சான்றிதழ்களால் ஒரு கோப்பே நிறைந்துவிட்டது. ஆனால் வகுப்பில் எதுவும் கைகொடுப்பதாகத் தெரியவில்லை. மூன்று வயதுப் பையன் ஒருவன் மற்றப் பிள்ளைகளைக் கடிக்கிறான். செமினாரில் கேட்டதற்கு, அன்பாக எடுத்துச் சொல்லுங்கள் என்றார்கள். சொல்லிப் பார்த்துவிட்டேன். இப்போது ஒரு நிறுவனம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு மாத டிப்ளோமா நடத்துகிறது. பெரிய தொகை கேட்கிறார்கள். சேரலாமா?
– ஒரு வாசகி, கொழும்பு 13

பதில்:

அன்புத் தங்கைக்கு,

படிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அந்த டிப்ளோமாவுக்கு இன்னும் பணம் கட்ட வேண்டாம். முதலில் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நான் பிள்ளைகளோடு வேலை செய்வதை யார் வந்து பார்ப்பார்கள், எத்தனை தடவை?” நேரடியாகப் பதில் வராவிட்டால் அந்தப் பணத்தை வைத்திருங்கள்.

செமினார்கள் உங்களுக்கு உதவாததற்குக் காரணம் நீங்கள் அல்ல. மண்டபத்தில் நூறு பேரை உட்கார வைத்துப் பேசுகிறவருக்கு உங்கள் வகுப்பு தெரியாது. அந்தப் பையனையும் தெரியாது. புட்டுக்கு மா குழைக்கும் பதத்தை யாரும் கரும்பலகையில் எழுதிக் காட்ட முடியாது. அம்மா பக்கத்தில் நின்று “போதும், இனித் தண்ணி விடாதே” என்று சொல்லித்தான் அது கைக்கு வருகிறது. சின்னப் பிள்ளைகளோடு செய்யும் வேலையும் அப்படித்தான். கற்றதை வகுப்பில் செய்து பார்க்கும்போது, விஷயம் தெரிந்த ஒருவர் பின்னால் உட்கார்ந்து கவனித்து, பிள்ளைகள் போனபிறகு உங்களோடு பேச வேண்டும். அது இல்லாத பயிற்சி கோப்போடு நின்றுவிடும்.

அந்தப் பையனுக்கு வருவோம். மூன்று வயதில் கடிப்பது கெட்ட குணமல்ல. பெரும்பாலும் வாயில் சொல் வராத இடத்தில் பல் வருகிறது. ஒரு கொப்பியை எடுத்து ஒரு வாரம் எழுதுங்கள். எத்தனை மணிக்குக் கடித்தான், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், கடித்த பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. “கோபத்தில் கடித்தான்” என்று எழுதாதீர்கள், அது உங்கள் ஊகம். “பத்தரைக்கு, சாப்பாட்டுக்குக் கை கழுவ வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற பிள்ளை லேசாகத் தள்ளியது, தோளில் கடித்தான்” என்று கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். வாரக் கடைசியில் சேர்த்து வாசித்தால், பசி நேரமா, நெரிசலா, பொம்மையைப் பிடுங்கும்போதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்த நேரத்துக்குச் சற்று முன்பே போய் அவன் பக்கத்தில் இருந்துகொள்ளுங்கள்.

அவன் எந்த மொழியில் நினைக்கிறான் என்பதையும் கவனியுங்கள். கொழும்பில் வீட்டில் தமிழ், வகுப்பில் இங்கிலீஷ், டேகெயாரில் ஆயா சிங்களம் என்று மூன்றுக்கும் நடுவில் நிற்கிற பிள்ளைகள் நிறையப் பேர். “அது என்ட, தா” என்று சொல்லக்கூட அவனுக்கு வகுப்பு மொழியில் சொல் இல்லாமல் இருக்கலாம். வீட்டு மொழியில் அந்தச் சொற்களை அவனோடு சேர்ந்து சொல்லிப் பழக்குங்கள். அவன் தமிழில் கேட்டாலும் ஆசிரியை உடனே பதில் சொல்வார் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். கடித்த நேரத்தில் கடிபட்ட பிள்ளையை முதலில் கவனியுங்கள். கடிபட்ட இடத்தைச் சவர்க்காரத்தால் கழுவிவிடுங்கள், பிறகு கடித்தவனிடம் “கடிக்கக் கூடாது, வலிக்கும்” என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். வீட்டு மொழியிலும் வயதுக்கேற்ற பேச்சு வரவில்லை என்றால், பெற்றோரை உங்கள் பகுதி குடும்பநல உத்தியோகத்தரிடம் பேசச் சொல்லுங்கள்.

கவனிப்பதும் குறித்துக்கொள்வதும்தான் இந்தத் தொழிலின் அடிப்படை. நல்ல பயிற்சிகள் இதற்கு நேரம் ஒதுக்கும். சின்னப் பிள்ளைகளுக்கான கற்பித்தல் முறையான மொன்டிசோரி என்ற பெயரை யாரும் பலகையில் போடலாம், அது தனி ஒருவருக்குச் சொந்தமானதல்ல. ஆனால் மரியா மொன்டிசோரி 1929இல் தொடங்கிய சர்வதேசச் சங்கத்தின் டிப்ளோமாவை எடுக்க, பிள்ளைகளைக் கவனிப்பதற்கும் கற்பித்தல் பயிற்சிக்கும் கட்டாய மணித்தியாலங்கள் உண்டு. ஞாயிறு வகுப்பில் மட்டும் அது எப்படி முடியும் என்று நீங்களே யோசியுங்கள்.

சரி, எதில் சேர்வது? நாவலயில் இருக்கும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் முன்பள்ளிக் கல்விக்குச் சான்றிதழ்ப் பாடநெறி இருக்கிறது. வேலையை விடாமல் படிக்கலாம். தமிழ்மொழி மூல அனுமதி அடுத்து எப்போது என்று அங்கேயே கேளுங்கள். இன்னொரு வழி என்.வி.கியூ. தேசிய தொழில் தகைமையில் ஏழு மட்டங்கள். உங்களைப் போல வேலையில் பழகியவர்களுக்கு, ஏற்கெனவே கற்றதை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் முறையும் அதில் உண்டு. நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையில் விசாரியுங்கள். நான்கு வருட வேலைக்குச் சேவைக் கடிதம், நீங்கள் செய்த கற்பித்தல் உபகரணங்களின் படங்கள், அந்தக் கவனிப்புக் கொப்பி எல்லாவற்றையும் இப்போதே சேர்த்து வையுங்கள்.

தனியார் நிறுவனம்தான் வசதி என்றால், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் ஒரு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நிறுவனம் பதிவாகியிருப்பது வேறு, நீங்கள் சேரப்போகும் அந்தப் பாடநெறி அங்கீகரிக்கப்பட்டிருப்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் இருக்கும் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரையும் ஒருமுறை பாருங்கள். உங்கள் பகுதியில் நடக்கும் பயிற்சிகள் பற்றி அவரிடம் கேட்கலாம்.

டேகெயாரும் நடக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் எல்லாவற்றுக்கும் முன்னால் முதலுதவி. தொண்டையில் ஏதாவது அடைத்து மூச்சு முட்டும்போது, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தலையைத் தாழ்த்திப் பிடித்து முதுகில் 5 தட்டு, பிறகு மார்பில் 5 அழுத்தம். ஒரு வயதைத் தாண்டியவர்களுக்கு முதுகில் 5 தட்டு, பிறகு வயிற்றில் 5 அழுத்தம். வாசித்தால் போதாது, பொம்மையில் செய்து கை பழக வேண்டும். செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்சும் பழக்கித் தருகின்றன. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கத்தையும், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929ஐயும் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டிவையுங்கள்.

இந்தப் பயிற்சிக்கு ஆயாவையும் கூட்டிப் போகச் சொல்லுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். சாப்பாடு ஊட்டுவதும், உடுப்பு மாற்றுவதும், தூங்க வைப்பதும் அவர்தான். பிள்ளைக்கு அடைப்பு வரும் நேரத்தில் பக்கத்தில் இருக்கப்போகிறவரும் பெரும்பாலும் அவர்தான். ஆனால் செமினார் பட்டியலில் ஆயாவின் பெயரை நான் கண்டதே அபூர்வம். இது பெரிய அநியாயம்.

உரிமையாளரிடம் பேசத் தயங்காதீர்கள். “மிஸ், இந்த வருடம் செமினார்களுக்குச் செலவழிக்கும் பணத்தில் அனுபவமுள்ள பயிற்றுநர் ஒருவரை இரண்டு நாள் காலையில் எங்கள் வகுப்பில் உட்கார வைக்கலாமா?” என்று கேளுங்கள். அப்புறம், பிள்ளைகள் பின்னேரம் தூங்கும்போது வாரத்தில் அரை மணித்தியாலம், ஆயாவும் சேர்ந்து, ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ளலாம். ஒருவர் தூங்கும் பிள்ளைகளோடு இருக்கட்டும், அடுத்த வாரம் மாறிக்கொள்ளலாம். முதல் வாரத்துக்கு உங்கள் கொப்பி தயாராக இருக்கும். நீங்கள் சான்றிதழ்ப் பாடநெறியில் சேர்வதென்றால், கட்டணத்தில் பாதியையும் பரீட்சை நாட்களில் லீவையும் தரச் சொல்லிக் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.