கேள்வி–பதில்: நூலகப் பதிவேட்டில் எதைப் பார்ப்பது?

கேள்வி: அம்மாப்பேட்டைப் பகுதியில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் நான் உறுப்பினன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றன. “மக்கள் வாசிப்பை விட்டுவிட்டார்கள்” என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசிக் கலைகிறோம். இந்தக் கணக்கை வைத்து உருப்படியாக ஏதேனும் செய்ய முடியுமா?
– வாசகர் ஒருவர், சேலம்

பதில்: முடியும். ஆனால் அந்தப் பதிவேடு எப்படி நிரம்புகிறது என்பதைச் சில நாட்கள் வாசலருகே உட்கார்ந்து முதலில் கவனியுங்கள். நாளிதழ் புரட்ட வருபவர்களில் பலர் கையெழுத்திடுவதில்லை. மாணவர்கள் கூட்டமாக வந்தால் ஒருவர் மட்டும் பெயரை எழுதிவிட்டு மற்றவர்கள் உள்ளே போய்விடுவதும் உண்டு. குறைந்திருப்பது வருகையா, கையெழுத்திடும் வழக்கமா என்பது தெளிவாகாத வரை, வாசிப்பைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, மாத மொத்தத்தை ஒதுக்கிவிட்டு வருகையை நேரவாரியாகப் பிரித்துப் பாருங்கள். அம்மாப்பேட்டையில் தறியிலும் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறையிலும் வேலை செய்பவர் கை கழுவிவிட்டு வெளியே வரும் நேரத்தில் நூலகம் திறந்திருக்கிறதா? மாலையின் கடைசி ஒரு மணி நேரத்தில் வருகை கூடுகிறது என்றால், நேரத்தை நீட்டிக்கக் கோருவதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிக்கை வந்தவுடன் நாற்காலிகள் நிரம்பிவிடும்; தேர்வு முடிந்ததும் காலியாகும். அறிவிக்கை வந்த ஆண்டையும் வராத ஆண்டையும் ஒப்பிட்டு, வளர்ந்தோம் என்றோ தேய்ந்தோம் என்றோ சொல்வது பொருந்தாது.

அலமாரிப் பக்கம் போனால் இன்னும் நேர்மையான கணக்கு ஒன்று கிடைக்கும். நூலின் உள்ளட்டையில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். போட்டித் தேர்வு நூலில் முத்திரை பதிக்க இடமின்றி, சீட்டின் மேல் சீட்டு ஒட்டியிருப்பார்கள். அதே வரிசையில் நான்காவதாக நிற்கும் தடித்த நூலின் சீட்டு, வாங்கிய நாளில் ஒட்டியபடி வெள்ளையாகவே இருக்கும். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்கென வகுத்த ஐந்து விதிகளில் இரண்டு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை. வெள்ளைச் சீட்டுகளை எண்ணிப் பார்த்தால் இரண்டாவது எவ்வளவு நிறைவேறியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

முதலாவதை அளக்கத்தான் நம்மிடம் பதிவேடே இல்லை. ஒருவர் வந்து கேட்டு, “இல்லை” என்ற பதிலுடன் திரும்பிய நூலை நாம் எங்கும் எழுதி வைப்பதில்லை. வழங்கல் பதிவேடு, கிடைத்ததை எடுத்துச் சென்றவரின் கணக்கு மட்டுமே; அதை மட்டும் பார்த்து அடுத்த நூல்களை வாங்கினால், ஏற்கெனவே வருபவர்களுக்கே மேலும் மேலும் வாங்கிக்கொண்டிருப்போம். ஆகவே மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கட்டி வையுங்கள். தேதி, கேட்ட நூல் அல்லது பொருள், கேட்டவர் மாணவரா, தொழிலாளரா, இல்லத்தரசியா என்ற குறிப்பு: இந்த மூன்று பத்திகள் போதும், பெயர் வேண்டாம். நூலகர் ஒருவரே எல்லா வேலையும் பார்க்கும் இடத்தில் இதை எழுதும் பொறுப்பை வாசகர் வட்டம் ஏற்றுக்கொள்வதே முறை. சில மாதங்களில், நூல் பரிந்துரைப் பட்டியலை ஊகமின்றி எழுதலாம்.

தயங்கவும் வேண்டாம். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்டும் தராவிட்டால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்து 30 நாட்களுக்குள் பதில் பெறலாம்.

கேள்வி: ஏற்காடு மலையில் எங்கள் ஊர் நூலகத்துக்கு வருபவர்கள் மிகச் சிலரே. நகர நூலகங்களோடு ஒப்பிட்டு இதை மூடிவிடுவார்களோ என்று அஞ்சுகிறோம். எதைக் காட்டி வாதாடுவது?
– ஆசிரியை ஒருவர், ஏற்காடு வட்டம்

பதில்: தலை எண்ணிக்கையைக் காட்டினால் தோற்றுவிடுவீர்கள். ஊரின் மக்கள்தொகையில் எத்தனை பேர் உறுப்பினர், பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் என்று விகிதமாகக் காட்டுங்கள். நகரக் கிளை பலவற்றை உங்கள் ஊர் மிஞ்சக்கூடும். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் பெரியவர்கள் தோட்டத்திலேயே இருப்பார்கள் என்பதால், அந்த மாதங்களின் சரிவைத் தனியே குறித்துக் காரணத்தையும் எழுதுங்கள். கடைசிப் பேருந்தின் நேரத்தையும் நூலகம் திறக்கும் நேரத்தையும் அருகருகே எழுதிக் காட்டினாலே பாதி வாதம் முடிந்துவிடும்.

வராதவர்களைப் பற்றிப் பதிவேடு எதுவும் சொல்லாது. வாரச் சந்தையிலும் நியாயவிலைக் கடை வரிசையிலும் நின்று, “நூலகம் எங்கே இருக்கிறது தெரியுமா, ஏன் வருவதில்லை?” என்று கேட்டுப் பதில்களை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். தூரம்தான் காரணம் என்று பலர் சொன்னால், நூலகம் அவர்களிடம் போக வேண்டும். மன்னார்குடிப் பக்கம் 1931-இலேயே மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்றிருக்கிறார்கள். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிச் சரக்கு வண்டிகள் நாள்தோறும் மலையேறும்போது, வாரம் ஒருமுறை ஒரு நூல் பெட்டியைப் பள்ளிக்கு அனுப்பக் கேட்பது பேராசையாகாது.

கேள்வி: அதிக நூல் எடுத்த சிறுவர்களின் பெயர், வகுப்பு, பெற்றோர் கைபேசி எண், படித்த நூல்கள் ஆகியவற்றை வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பாராட்டலாமா?
– வாசகர் வட்டப் பொறுப்பாளர், சேலம்

பதில்: அப்படிப் போட வேண்டாம். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தான் எடுத்துப் போகும் நூல் ஊருக்கே தெரியும் என்றால் எந்தப் பிள்ளையும் தயக்கமின்றி அலமாரியில் கை வைக்காது. பரிசை நேரில் கொடுங்கள். குழுவில் “இம்மாதம் அறிவியல் நூல்கள் இத்தனை, கதை நூல்கள் இத்தனை” என்று மட்டும் போடுங்கள். ஏற்கெனவே போட்ட பட்டியல் இருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள்.