மாற்றல் வந்துவிட்டது, நாயை என்ன செய்வது?

கேள்வி: கணவருக்கு டெல்லிக்கு மாற்றல். இரண்டு மாதத்தில் கிளம்ப வேண்டும். எங்கள் பெண் லாப்ரடாருக்கு ஐந்து வயது; கருத்தடை செய்யவில்லை. சாப்பாட்டுக்குக் குறைவில்லாத கோயில் பக்கம் விட்டுவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?
- வாசகி, சென்னை

பதில் (கால்நடை மருத்துவர்):

தயவுசெய்து வேண்டாம். கோயில் வாசலில் சோறு கிடைக்கலாம். ஆனால் அந்த இடம் ஏற்கெனவே வேறு நாய்களின் எல்லை. புதிதாக வந்ததை அவை கூட்டமாகக் கடித்து விரட்டும். வீட்டுக்குள் வளர்ந்ததற்குச் சண்டையும் தெரியாது, சாலையைக் கடக்கவும் தெரியாது. பசியும் தாகமும் வாட்டும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

கூடவே அழைத்துச் செல்ல முடியுமா என்று முதலில் பாருங்கள். ரயிலில் முதல் வகுப்பு ஏ.சி. கூபே (இருவருக்கான தனி அறை) முழுவதையும் பதிவு செய்தால் நாயும் உங்களுடனே வரலாம். தடுப்பூசிப் புத்தகமும் மருத்துவரின் உடல்நலச் சான்றும் கையில் இருக்கட்டும். ரயிலின் கார்டு (பொறுப்பு அலுவலர்) பயணிக்கும் பெட்டியிலும் நாய்க்கூண்டு உண்டு. ஆனால் ஒரு நாளுக்கும் மேலான பயணம், அதுவும் கோடையில் என்றால், நான் சம்மதிக்க மாட்டேன். டெல்லியில் வீடு பேசும்போதே நாய் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

வழியே இல்லை என்றால் வேறு வீடு தேடுங்கள். ஆனால் ‘இலவசமாகத் தருகிறோம்’ என்று விளம்பரம் மட்டும் செய்யாதீர்கள். கருத்தடை ஆகாத பெண் லாப்ரடார் என்றதும், குட்டி போட வைத்து விற்பவர்கள்தான் முதலில் வந்து நிற்பார்கள். ஈன்று ஈன்று உடல் வற்றிய நாய்களைப் பார்த்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: இந்த வாரமே கருத்தடைக்கு நாள் குறியுங்கள். தையல் ஆறப் பத்திலிருந்து பதினான்கு நாள் போதும்.

உறவினர், நண்பர், உங்கள் மருத்துவரிடம் வருபவர்கள் என்று தெரிந்த வட்டத்தில் விசாரியுங்கள். கேட்பவர் வீட்டுக்கு நேரில் போங்கள். பகலில் யார் இருப்பார், எங்கே கட்டுவார்கள் என்று பாருங்கள். காவலுக்கு என்று கேட்டால் கொடுக்காதீர்கள். நீங்கள் சென்னையில் இருக்கும்போதே ஒரு வாரம் அங்கே விட்டுப் பார்ப்பது நல்லது. ஒத்துவராவிட்டால் திருப்பி அழைத்துவரலாம். காப்பகம் கடைசி வழிதான். பல இடங்களில் நெரிசல் அதிகம், தொற்றும் எளிதில் பரவும்.

அனுப்பும்போது பழகிய உணவையே ஒரு வாரத்துக்குக் கொடுத்தனுப்புங்கள். அது படுக்கும் விரிப்பைத் துவைக்காமல் சேர்த்துக் கொடுங்கள். முதல் சில நாள் சரியாகச் சாப்பிடாமல் போகலாம் என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.