பழைய ஐரோப்பிய ஓவியம் ஒன்றை அதன் காலத்தோடும் மரபோடும் சேர்த்து எப்படி அலசுவது?

கேள்வி கேட்டவர் 16, 17-ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டுமாம்; எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையாம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களிடம் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன்: மரபின் பெயரை முதல் வரியில் எழுதாதீர்கள். ‘வடக்கு மறுமலர்ச்சி’ (ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் வளர்ந்த ஓவிய மரபு) என்று எழுதிய கையோடு அதன் இலக்கணத்தை ஒப்பிக்கத்தான் தோன்றும். படத்தைப் பார்க்க மாட்டீர்கள்.

வகுப்பில் நான் எடுப்பது அன்றைய நெதர்லாந்தின் ஓவியர் பீட்டர் புரூகல் 1565-இல் வரைந்த ‘அறுவடைக்காரர்கள்’. மரப்பலகையில் எண்ணெய் வண்ணம், ஏறக்குறைய 119-க்கு 162 சென்டிமீட்டர். இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோதுமை ஆள் உயரத்துக்கு நிற்கிறது. இடப்பக்கம் ஆண்கள் நீண்ட பிடி போட்ட அரிவாளை வீசி அறுக்கிறார்கள். வலப்பக்கம் ஒரு மரத்தடியில் கும்பலாக உட்கார்ந்து ரொட்டியும் கிண்ணத்தில் ஏதோ கஞ்சி போன்றதும் சாப்பிடுகிறார்கள். ஒருவன் காலைப் பரப்பிக்கொண்டு செம தூக்கம். நிற்கும் பயிருக்கு நடுவே வெட்டிய வழியில் இன்னொருவன் குடங்களைத் தூக்கி வருகிறான். இடது மூலையில், வெட்டாத கோதுமைக்குள் வெயில் படாமல் ஒரு குடம் ஒளித்து வைத்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு என்னிடம் ஒரு சாக்லேட் உண்டு.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் வரிசை) நின்று பழகியவர். கைப்பேசியில் இந்தப் படத்தைக் காட்டியபோது ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “கங்காணியக் காணோமே?” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானும் எத்தனையோ முறை பார்த்த படம்தான். வேலையை மேய்க்கிற ஆள் என்று சொல்லும்படி யாரும் அதில் இல்லை. ஒருவன் பட்டப்பகலில் படுத்துக் கிடக்கிறான், அதட்ட ஆள் இல்லை.

காலச்சூழல் என்பது இந்த மாதிரிக் கேள்வியிலிருந்துதான் திறக்கும். இந்தப் படத்தை வாங்கியவர் நிக்லாஸ் யோங்கலிங்க், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆண்ட்வெர்ப் நகரத்துப் பணக்கார வணிகர். ஆண்டின் மாதங்களைக் காட்டும் பட வரிசை ஒன்றை அவர் வீட்டுக்கென்று புரூகல் வரைந்தார்; இதுவும் அதில் ஒன்று. மொத்தம் ஆறு படங்கள் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. நமக்குக் கிடைத்திருப்பவை ஐந்து. ஆக, படத்துக்குள் முதலாளி இல்லாததற்குக் காரணம் அவர் படத்துக்கு வெளியே, விருந்தாளிகளோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். இது என் வாசிப்பு, நீங்கள் மறுக்கலாம். ஆனால் ‘உழைப்பாளிக்காகக் குரல் கொடுத்த ஓவியர்’ என்று எழுதுவதற்கு முன்னால் இதை யோசித்துப் பாருங்கள். புரூகல் குடியானவரும் இல்லை. ஆண்ட்வெர்ப்பிலும் பிறகு பிரஸ்ஸல்ஸிலும் வாழ்ந்த நகரத்துக்காரர், வரைபட அறிஞர் ஓர்ட்டேலியஸின் நண்பர்.

1566-இல் யோங்கலிங்க் தன் நண்பர் ஒருவரின் கடனுக்காக இந்த மாதப் படங்கள் உட்பட புரூகலின் 16 ஓவியங்களை நகராட்சிக்கு ஈடாக வைத்தார். நம் ஆட்கள் நகையை அடகுக்கடையில் வைப்பதுபோலத்தான். படங்கள் யாருடையவை என்று நமக்குத் தெரிவதே அந்தப் பத்திரத்தால்தான்.

சரி, இப்போது மரபுக்கு வரலாம். இந்தப் படம் வரைந்தபோது இத்தாலிய ஓவியர் மைக்கேலாஞ்சலோ இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இத்தாலியில் பெரிய ஓவியம் என்றால் புனிதர்கள், தேவர்கள், முறுக்கேறிய உடல்கள். புரூகல் 1550-களின் தொடக்கத்தில் இத்தாலிக்கே போய் அதையெல்லாம் பார்த்தவர். ஆனால் இந்தப் படத்தில் புனிதர் யாரும் இல்லை. தேவாலயம்கூட மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. மாதத்துக்கொரு வேலையைக் காட்டுவது வடக்கே பழைய வழக்கம். ஜெபப்புத்தகங்களின் நாட்காட்டிப் பக்கங்களில் சின்னச் சின்னதாக வரைவார்கள். கையடக்கப் பக்கத்தில் இருந்ததைச் சுவர் அளவுக்கு இழுத்தது இவர். ‘வடக்கு மறுமலர்ச்சி’ என்ற பெயரைக் கட்டுரையில் இந்த இடத்தில் எழுதுங்கள். மரபிலிருந்து எதை எடுத்தார், எதை விட்டார் என்று சொன்ன பிறகுதான் அந்தப் பெயருக்கு வேலை.

இன்னொன்று. 1566-இல் புரூகலின் நாட்டில் தேவாலயச் சிலைகளை உடைத்தார்கள், 1567-இல் ஸ்பெயினின் படை வந்து இறங்கியது. இவற்றைக் கொண்டுவந்து 1565 படத்தில் திணிக்கிற கட்டுரைகள் உண்டு. தூங்குகிறவனுக்கு அடுத்த வருடம் என்ன நடக்கும் என்று எப்படித் தெரியும்?

அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பெரிய அளவுப் படம் இலவசமாகக் கிடைக்கிறது. கைப்பேசியில் வேண்டாம், கணினியில் திறந்து மூலை மூலையாகப் பெரிதாக்கிப் பாருங்கள். தூரத்தில் கடலும் கப்பல்களும் தெரியும், ஊர்த் திடலில் ஆட்கள் விளையாடுவதும் தெரியும். கண்ணில் பட்டதையெல்லாம் குறித்துக்கொண்டு அப்புறம் புத்தகத்தைத் திறங்கள்.