சென்சாரில் சிவப்புப் புள்ளி

கேள்வி: அண்ணாச்சி, மொட்டைமாடியிலிருந்து நட்சத்திரங்களைப் படமெடுத்தேன். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் சிவப்புப் புள்ளி. லென்ஸைத் துடைத்தும் போகவில்லை. கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் தூசியா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தூசி இல்லை தம்பி. தூசி என்றால் ஓரம் மங்கிய கறுப்புத் திட்டாக விழும். லென்ஸ் துளையை எஃப் 16 அளவுக்குச் சுருக்கிப் பகல் வானத்தை எடுத்தால் தெரிந்துவிடும். உங்களுடையது 'ஹாட் பிக்சல்'; அதாவது, சென்சாரின் நுண்புள்ளிகளில் (பிக்சல்) ஒன்று கோளாறு. வெளிச்சம் படாமலே அந்த பிக்சலில் மின்னூட்டம் கசிந்து சேருகிறது. சென்சார் சூடாக ஆக, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் கூடக் கூட, புள்ளியும் பளிச்சிடும். நம்மூர்ச் சித்திரைப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம்.

பாளையங்கோட்டை தசராவில் சப்பரத்தை 4 நொடி திறந்து வைத்து எடுத்தேன். பிரிண்ட் போட்டால் இதே கோளாறால் அம்மன் கன்னத்தில் நீலப் பொட்டு! "இது என்ன வே புது அலங்காரம்?" என்றார் வாங்க வந்தவர்.

லென்ஸ் மூடியைப் போட்டு 30 நொடி எடுத்துப் பாருங்கள்; அதே இடத்தில் புள்ளி இருக்கும். அப்புறம் மெனுவில் 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்' போடுங்கள். ஷட்டரை மூடி அதே நேரத்துக்கு இன்னொரு படமெடுத்து, அதில் விழும் புள்ளியை முதல் படத்திலிருந்து கேமராவே கழித்துவிடும். 30 நொடிப் படத்துக்கு ஒரு நிமிடம் ஆகும், பொறுமை வேண்டும். கெட்ட பிக்சலைக் கேமராவே கண்டுபிடித்து ஒதுக்கும் 'பிக்சல் மேப்பிங்' வசதி இருந்தால் அதை முதலில் ஓட்டுங்கள். துணி, குச்சி எதையும் உள்ளே விட்டுவிடாதீர்கள்.