லிஸ்ப் நிரல் தனியாக ஓடுகிறது. டெபியன் லினக்ஸுக்கான பேக்கேஜ் ஆக்கி நிறுவினால் ஓட மறுக்கிறது. ஏன்?

கோப்பின் அளவைப் பார்த்தீர்களா? எஸ்பிசிஎல்லில் (லிஸ்ப் மொழியின் கம்பைலர்களில் ஒன்று) நீங்கள் உருவாக்கிய இயங்கு கோப்பு, உங்கள் அடைவில் இருக்கும்போது 30, 40 எம்பி இருக்கும். பேக்கேஜை நிறுவிய பிறகு அதே கோப்பு சில நூறு கேபியாகச் சுருங்கியிருந்தால் நோய் தெரிந்துவிட்டது. உங்கள் நிரலைத் தொடவே வேண்டாம்.

இதற்காக ஓர் இரவைத் தொலைத்தவன் நான். ஓர் அச்சகத்துக்குக் காகித இருப்புக் கணக்குப் பார்க்கும் சிறிய நிரல். பேக்கேஜாக்கி என் மடிக்கணினியில் நிறுவி ஓட்டினால், கணக்குக்குப் பதிலாக ‘திஸ் இஸ் எஸ்பிசிஎல்’ என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டு, ஒரு நட்சத்திரக் குறியைக் காட்டிவிட்டுக் காத்து நின்றது. அச்சகத்துக் கணினியிலோ கோர் கோப்பைக் (எஸ்பிசிஎல் ஏற்றிக்கொள்ளும் நினைவகப் படிமம்) காணவில்லை என்று சொல்லி உடனே நின்றுவிட்டது. ஒரே கோப்பு, இரண்டு இடத்தில் இரண்டு விதம். இரவு இரண்டு மணி வரை என் நிரலையே வரிவரியாகக் குடைந்துகொண்டிருந்தேன். அதில் ஒரு குற்றமும் இல்லை. நிறுவிய கோப்புக்குள் என் நிரலே இல்லை!

நடந்தது இதுதான். இயங்கு கோப்பை உருவாக்கும் எஸ்பிசிஎல் கட்டளையான சேவ்-லிஸ்ப்-அண்ட்-டை (சேமி, பிறகு செத்துப்போ, பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு) நினைவகத்தில் இருக்கும் சார்புகள், மாறிகளின் மதிப்புகள், கம்பைலர் எல்லாவற்றையும் அப்படியே கோப்பில் கொட்டுகிறது. எக்ஸிக்யூட்டபிள் தேர்வைக் கொடுத்தால், சிறிய ரன்டைம் (லிஸ்பை ஓட்டும் நிரல்) ஒன்றின் நகலை முன்னால் வைத்து அதன் வாலில் இந்த மூட்டையை, அதாவது கோரை, கட்டுகிறது. ஓடத் தொடங்கும்போது ரன்டைம் தன் கோப்பின் கடைசியில் இருக்கும் அடையாளத்தைப் பார்த்து மூட்டையைப் பிரிக்கும். ஆனால் லினக்ஸ் இயங்கு கோப்புகளின் வடிவமான எல்ஃபின் தலைப்புப் பட்டியலில் மூட்டையைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. பேக்கேஜாக்கும்போது பிழைதிருத்தத் தகவல்களை நீக்கிக் கோப்பைச் சுருக்கும் டெபியனின் டிஹெச்_ஸ்ட்ரிப் அந்தப் பட்டியலை நம்பித்தான் கோப்பைத் திரும்ப எழுதுகிறது. பட்டியலில் இல்லாததைக் குப்பை என்று விட்டுவிடுகிறது. ஓடு மிச்சம், பருப்பு போயிற்று. அந்த வெறும் ரன்டைம், எஸ்பிசிஎல் நிறுவிய கணினியில் அங்கிருக்கும் கோரை எடுத்துக்கொள்கிறது; இல்லாத கணினியில் கைவிரிக்கிறது.

பேக்கேஜ் கட்டும் விதிகள் இருக்கும் ரூல்ஸ் கோப்பில் டிஹெச்_ஸ்ட்ரிப்பின் வழக்கமான வேலையை மாற்றும் ஓவர்ரைடு இலக்கு எழுதி, அதில் அதற்குப் பெரிய எழுத்து எக்ஸ் தேர்வுடன் உங்கள் கோப்பின் பெயரைக் கொடுங்கள். இலக்கை வெறுமையாக விடுகிறவர்களும் உண்டு. பேக்கேஜில் சி நிரல்களும் இருந்தால் அவையும் பிழைதிருத்தச் சுமையோடு போகும் என்பதால் எனக்கு அது பிடிக்காது. எக்ஸ் தேர்வு, பெயரில் எங்கே பொருந்தினாலும் விலக்கிவிடும் என்பதையும் கவனியுங்கள். இரண்டு எழுத்துப் பெயரைக் கொடுத்துவிட்டு வருந்தாதீர்கள். மற்ற லினக்ஸ் வகைகளில் வழி வேறு: ஆர்ச்சில் ஆப்ஷன்ஸ் வரிசையில் ஸ்ட்ரிப்புக்கு முன் ஆச்சரியக்குறி, நிக்ஸில் டோன்ட்ஸ்ட்ரிப். ஓகேமல் மொழியில் கஸ்டம் தேர்வோடு தொகுத்த பைட்கோடு நிரலுக்கும் இதே கதிதான்.

லிஸ்பில் எழுதிய எடிட்டரான ஈமேக்ஸும் இப்படி நினைவகத்தைக் கொட்டும்; அதன் 27.1 பதிப்பு, 2020இல், கொட்டியதைத் தனிக் கோப்பாக வைக்கும் முறைக்கு மாறியது. நீங்களும் கோரைத் தனியாக வைக்கலாம். ஆனால் எஸ்பிசிஎல் கோர், தன்னைக் கொட்டிய அதே ரன்டைமோடு மட்டுமே ஒத்துப்போகும். கணினியில் எஸ்பிசிஎல்லைப் புதுப்பித்த மறுநாளே வம்பு வரும். ரன்டைமையும் சேர்த்து அனுப்புவதாக இருந்தால் ஒரே கோப்பாகவே இருக்கட்டும்.

மூட்டை பத்திரமாகப் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு இன்னொரு அடி விழுந்தது. ரசீது வார்ப்புருக்கள் இருக்கும் பாதையை டெஃப்வாரில் (மாறியை அறிவிக்கும் லிஸ்ப் கட்டளை) கணக்கிட்டு வைத்திருந்தேன். அந்த மதிப்பும் மூட்டைக்குள் உறைந்துவிட்டதால், அச்சகத்துக் கணினி என் திட்ட அடைவைத் தேடிக்கொண்டிருந்தது. என் கணினியில் அந்த அடைவு இருந்ததால் சோதனையில் பிடிபடவில்லை. பாதை, சூழல் மாறிகள், சமவாய்ப்பு எண்ணின் விதை ஆகியவற்றை நிரல் ஓடத் தொடங்கும்போது அழைக்கப்படும் டாப்லெவல் சார்புக்குள் புதிதாகக் கணக்கிடுங்கள். சேவ்-லிஸ்ப்-அண்ட்-டையில் சேவ்-ரன்டைம்-ஆப்ஷன்ஸ் தேர்வையும் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் வெர்ஷன் கேட்பவருக்கு உங்கள் நிரலுக்குப் பதிலாக எஸ்பிசிஎல்தான் பதில் சொல்லும்.