சென்னை – டொராண்டோ: கணக்கில் 15 மணி, டிக்கெட்டில் 23 மணி

"அப்பா அம்மாவை முதல் தடவையாக வரவழைக்கிறேன். சென்னைக்கும் டொராண்டோவுக்கும் 13,400 கிலோமீட்டர், 15 மணி நேரம் என்று இணையம் காட்டுகிறது. டிக்கெட்டில் 23 மணி நேரம் போட்டிருக்கிறதே?" என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த 13,400 என்பது உலக உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த தூரம். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று வகுத்தால் 15 மணி வரும். ஆனால் இந்த இரு ஊர்களுக்கும் இடையே நேரடி விமானம் கிடையாது. லண்டன் வழியாக வந்தால் சுமார் 13,900, துபாய் வழியாக வந்தால் சுமார் 14,000 கிலோமீட்டர். பார்த்தீர்களா, சுற்று வழி என்று பயப்படும் அளவுக்குத் தூரம் கூடவில்லை. நேரத்தைத் தின்பது இடையில் காத்திருப்பதும் எதிர்காற்றும்தான். மேலே காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால் கனடாவுக்கு வரும்போது எதிர்காற்று. ஊருக்குத் திரும்பும் பயணம் சற்றுக் குறையும்.

லண்டன் வழியில் ஏறக்குறைய 11 மணி, பிறகு 8 மணி. துபாய் வழியில் 4 மணி, பிறகு ஒரே மூச்சில் 14 மணி. முழங்கால் வலி, சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன். இடைவெளி இரண்டரை மணிக்குக் குறைய வேண்டாம். அதைவிடக் குறைந்தால், முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதமானாலே, மறுபடி பாதுகாப்புச் சோதனை முடித்து அடுத்த வாசலுக்கு நடப்பதற்குள் கதவு மூடிவிடும்.

மொத்தப் பயணமும் ஒரே புக்கிங்கில் இருக்கட்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு தனி டிக்கெட் எடுத்தால், நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டிவரும், அதற்கு அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். இணைப்பு விமானம் தவறினால் செலவு உங்கள் தலையில். அமெரிக்கா வழியாக மட்டும் எடுக்காதீர்கள். விமானம் மாறுவதற்குக்கூட அங்கே விசா கேட்பார்கள்.

தேதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். 15ஆம் தேதி அதிகாலை 3 மணி விமானம் என்றால் 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் டொராண்டோ பத்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒன்பதரை. ஆகவே அந்த விமானத்தில் ஏறியவர்கள் 23 மணி பயணித்தும், ஜனவரியில் அதே 15ஆம் தேதி பிற்பகல் மூன்றரைக்கு இறங்குவார்கள். திரும்பும்போது நேர்மாறு: திங்கள் இரவு 10 மணிக்குக் கிளம்பி 22 மணி பயணித்தால் சென்னையில் புதன் காலை 6.30. அழைக்க வருபவரிடம் கிழமையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சக்கர நாற்காலி உதவியை 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் பதிவு செய்துவிடுங்கள். மொழி தெரியாதவர்களை அடுத்த வாசல் வரைக்கும் ஆள் கூட்டிப்போவார்கள். மாத்திரைகள், மருந்துச் சீட்டு, உங்கள் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாள், மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். தரையிறங்கியதும் வெளியே வந்துவிட மாட்டார்கள். குடிவரவு, பெட்டி எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரமாவது வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.